வலது கவையில் ஒரு கோடு

அலமேலு, இதை எழுதுகிறவன் உன் அப்பன். உன் கையில் இதை நானே கொடுப்பேன். வாங்கியதும் அடுப்படிக்குப் போய், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு தனியாகப் படி. ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரைச் சுற்றி வருவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்குச் சீராக நான் கொடுத்த மோட்டார் சைக்கிளில் இனி நீ ஏறாதே. மாப்பிள்ளையையும் ஏறவிடாதே. சனிக்கிழமை தேர் பார்க்க நீங்கள் வில்லியனூருக்கு மாட்டு வண்டியில் வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கவை எந்த நேரத்திலும் ஒடியலாம். கல்யாணத்துக்கு இருபது நாள் முன்பிருந்தே அது எனக்கு அரைகுறையாகத் தெரியும். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து முழுசாகவே தெரியும்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. உள்ளங்கையில் வெட்டுப்பட்டுத் துணி சுற்றியிருக்கிறேன், பேனா சரியாக நிற்கவில்லை. காயம் ஆறிவிடும். அது எப்படிப் பட்டது என்பதுதான் விஷயம், அதற்கும் வருகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை. காலையிலிருந்து எழுதுகிறேன். நாளை விடியலில் வண்டி கட்டி உன் ஊருக்குக் கிளம்புகிறேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால்தான் காகிதம். துணிவில்லாத அப்பன் உனக்கு வாய்த்திருக்கிறான் என்பதையும் இதிலேயே படித்துக்கொள்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நிலம் அளக்க வந்திருந்த பிரெஞ்சுக்கார துரை ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது, வில்லியனூரில் தான் குடியிருந்த வீட்டின் பின்கொட்டகையில் அதைப் போட்டுவிட்டுப் போனார். ஏழெட்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தது. ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடின. பெட்ரோல் தொட்டிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. வீட்டுக்காரருக்குக் கொட்டகை வேண்டியிருந்தது. இரண்டு பாரம் வைக்கோலைக் கொடுத்துவிட்டு நான் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தெருவே கூடிவிட்டது. "இன்னா எஞ்சின்காரரே, செத்த குதிரைய இஸ்துக்கினு வர்றீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினை நம் பக்கத்தில் கழற்றி மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு அந்தப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பதுகூடப் பொய்தான்.

அதற்குப் பிறகு நீயும் நானும் மூன்று மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினோம். எஞ்சினைக் கழற்றி உன் அம்மா நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். அவள் அதைக் கண்டுபிடித்த அன்று நான் சாயங்காலம் வரை வரப்பைவிட்டு வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் நம் வீட்டுச் சோற்றில் மண்ணெண்ணெய் வாசம். புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாருமாக நீ துரு தேய்த்தாய். பின்சக்கரத்தைச் சுழற்றுகிற தோல்வார் மக்கிப்போயிருந்தது. எருமைத் தோலில் செருப்புத் தைப்பவர் ஒருவர் புதிதாக வெட்டித் தைத்துக் கொடுத்தார். மாட்டு வண்டிகளுக்கு வர்ணம் தீட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கறுப்புச் சாயம் அடித்தோம். முதன்முதலில் அது உயிர் பெற்று இருமியபோது கொட்டகை முழுக்கப் புகை. இரண்டு மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நீ கையைத் தட்டிக்கொண்டு குதித்தாய். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் உனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். சோரியாங்குப்பத்துக் குடும்பம், நல்ல நிலம், பிள்ளைக்குப் பாகூர் மேரி ஆபீசில், ஊர் நிர்வாகம் பார்க்கிற இடத்தில், எழுத்து வேலை. அவர்கள் எதுவுமே கேட்கவில்லை, அலமேலு. இதை நீ நன்றாக மனத்தில் வைத்துக்கொள். உன் மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பொண்ணக் குடுங்க, அது போதும்" என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தத் தவளை நான். தெருவில் சிரித்தவர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எம் பொண்ணு மாட்டு வண்டியில புருசன் வூட்டுக்குப் போவ மாட்டா. மாப்ளைக்கு மோட்டார் சைக்கிள் தர்றேன். ரெண்டு பேரும் அதுலதான் போவாங்க." அந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்குக் கல்யாணம் பேசுகிற காலம் வரும். அப்போது கேட்காததைக் கொடுப்பதாகச் சொல்லாதே. சொன்ன சொல்லைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்ய வேண்டிவரும் என்பது சொல்லும்போது தெரியாது.

சொன்ன பிறகு வண்டியை உனக்காக மாற்ற ஆரம்பித்தேன். பின்னால் மூட்டை கட்டுகிற இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, நீ ஒரு பக்கமாக உட்கார அகலமான இருக்கை போட்டேன். அடியில் தேங்காய் நார், மேலே இலவம்பஞ்சு, அதன் மேல் தோல். கால் வைக்கத் தேக்குப் பலகை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று கூடை முடைகிறவரை வரவழைத்துப் பிரம்பால் ஒரு தடுப்புப் பின்னச் சொன்னேன். அவர் பின்னியது பெரிதாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி பின்னச் சொன்னேன். மூன்று தடவை. உன் உயிரின் மேல் அவ்வளவு அக்கறையாக இருந்தவன்தான் நான்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. நீ கடைசியாக ஒருமுறை கவையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். வலது காலில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில் விரலை வைத்தாய்.

"ப்பா, இங்க பாரேன். முடி ஒட்டிக்கினு இருக்காப்போல ஒரு கோடு. துடைச்சா போவல."

நான் குனிந்து பார்த்தேன். அது விரிசல். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. எஞ்சின்காரனுக்குத் தெரியாதா? நான் உன்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "இன்னாடி கோடு? கீறல்டி அது. ஒழுங்கா துணியால துடை" என்றேன். நீ, "இல்லப்பா, நெகம் மாட்டுது" என்றாய். நான் கத்தினேன். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் வந்து, "கீறல்தாம்ப்பா, நாந்தான் சரியா பாக்கல" என்று நீயாகவே சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை ஊர் ஏசும். நான் மறைத்தது மட்டுமா? உன் கண்ணே உன்னை ஏமாற்றிவிட்டதாக உன்னை நம்பவைத்தேன். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. இனிமேல் யார் சொன்னாலும், அப்பனே சொன்னாலும், உன் நகம் மாட்டுகிற இடத்தைக் கீறல் என்று ஒப்புக்கொள்ளாதே.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். புதுச்சேரியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். கவையையே மாற்ற வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது, பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைக்க நாலைந்து மாதம் ஆகும் என்றார். எனக்கு இருந்தது இருபது நாள். அந்த நாலு பேரின் முகம் கண்முன் நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வண்டிச் சக்கரத்தில் விரிசல் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, தண்ணீரை ஊற்றுகிறோம். பட்டா சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. காலம் காலமாக நம் வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. கவைக்கும் அதையே செய்தால் என்ன? எனக்கு அது பெரிய யுக்தியாகத் தோன்றியது.

கவையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கொல்லுப்பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆறுமுக ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சக்கரம்னா மரங்க. பட்டா மரத்தக் கடிச்சிக்கும். இது இரும்பு. இரும்பப் பழுக்கக் காச்சித் தண்ணி ஊத்துனா வெறப்பாப் பூடும். வெறப்பான இரும்பு வளையாது, ஆனா ஒடியறப்ப சொல்லிக்கினு ஒடியாது" என்றார். நான், "எஞ்சின் வேலை எனக்குத் தெரியும், நீ ஊத்துய்யா" என்றேன். அவர் அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வேறு ஒரு துண்டில் செய்து பார்க்கலாம் என்றார். வண்டியின் பின்னாலிருந்து கழற்றிய சட்டத்தில் அதே கனத்தில் ஒரு குழாய் இருந்தது. அதை அரத்தால் பாதிவரை அறுத்து, அந்த இடத்தில் ஓர் இரும்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினார். ஆறியதும் இரண்டு பேர் பிடித்து வளைத்துப் பார்த்தோம், கல்லாக இருந்தது. "பார்த்தியா?" என்றேன். அவர் துருத்தியை மறுபடி ஊத ஆரம்பித்தார். கவைக்கும் அதே நெருப்பு, அதே தண்ணீர். வளையத்தை அரத்தால் ராவி, மேலே கறுப்புச் சாயம் பூசினோம். கல்யாணத்தன்று அந்த இடத்தில் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எல்லோரும் அலங்காரம் என்று நினைத்தார்கள்.

அந்தச் சோதனைத் துண்டை நான் எறியவில்லை. நம் ஆயில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற கைப்பிடி தேய்ந்து போயிருந்தது, அதற்கு அந்தக் குழாயைப் பொருத்திக்கொண்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன். தினம் காலையில் என் பலம் முழுவதையும் போட்டு அதைச் சுழற்றுவேன். அது தாங்கினால் உன் கவையும் தாங்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு. ஒவ்வொரு காலையும் எஞ்சின் கிளம்பியதும், இன்றைக்கு என் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சாமிகூட எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் கொடுக்கவில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கும்பிட்டுக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டிவிட்டேன்.

இந்தப் பதினோரு மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பயம், அலமேலு. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. வரப்பில் யாராவது ஓடி வந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எதிரே ஓடுவேன். வெட்டியானைத் தெருவில் கண்டால், யார் வீட்டுக்கு என்று கேட்காமல் நகரமாட்டேன். மாதம் ஒரு தடவை நீங்கள் இரண்டு பேரும் வருவீர்கள். வழியில் இருக்கிற பிரெஞ்சு எல்லைச் சாவடிக்காரர்கள்கூடச் சத்தத்தை வைத்தே உங்களை அடையாளம் கண்டு கம்பை உயர்த்துகிறார்கள் என்று நீ பெருமையாகச் சொல்வாய். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் புழுதியாக, சிரித்துக்கொண்டே இறங்குவாய். அந்த வண்டி இல்லாவிட்டால் உன்னை மாதாமாதம் பிறந்த வீட்டுக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? அதுவும் எனக்குத் தெரியும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டும் வாயை மூடிக்கொண்டேன். நீ உள்ளே போனதும் புழுதி துடைக்கிற சாக்கில் நான் கவையைத் தடவிப் பார்ப்பேன். "மாப்ளைய விட வண்டியத்தான் ரொம்ப விசாரிக்கிறாரு உங்கப்பா" என்று உன் அம்மா கேலி செய்தாளே, நீயும் சேர்ந்து சிரித்தாயே, அப்போதெல்லாம் என் கட்டைவிரல் அந்த வளையத்தின் மேல்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை கைப்பிடி ஒடிந்தது. வழக்கம்போலச் சுழற்றினேன். முந்தின நாள் சுழற்றியதைவிட அதிக பலம் போடவில்லை. முனகல் இல்லை, வளையவில்லை, டக்கென்று ஒரு சத்தம், நான் கவிழ்ந்து கிடந்தேன். கையில் ரத்தம். வளையத்துக்கு விரற்கடை மேலே ஒடிந்திருந்தது. நான் அறுத்த இடத்தில்கூட இல்லை. தண்ணீர் பட்டு விறைத்த இடத்தில். ஒடிந்த வாயைப் பார்த்தேன், உடைத்த கற்கண்டு மாதிரி மினுக்கியது. ஆசாரி சொன்னது காதில் அப்படியே கேட்டது. சொல்லிக்கொண்டு ஒடியாது. நான் தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். மடை திறக்க வந்தவன் கைக்காயத்துக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு துணி கிழித்துக் கட்டினான்.

மறுநாளே உன் ஊருக்கு வந்தேன், உனக்குத் தெரியும். சொல்லத்தான் வந்தேன். உன் மாமனார் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சோறு போட்டார்கள். மாப்பிள்ளை பந்தியிலிருந்த ஒருவரிடம், "எங்க மாமா கை வச்ச வண்டி. இந்த ஜில்லாவுலயே இப்படி ஒண்ணு கெடையாது" என்றார். சனிக்கிழமை தேருக்கு உன்னைப் பின்னால் உட்காரவைத்து வில்லியனூர் வரை ஒரே மூச்சில் போகப்போவதாகச் சொன்னார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது ஜோசியர். "மாப்ளைக்கு இப்ப வாகன கண்டம் இருக்காம். எங்க ஊரு ஜோசியர் சொன்னாரு. வெள்ளிக்கெழம வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்" என்றேன். தேர் நாளையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எந்த ஜோசியரையும் நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சிரித்தார். உன் மாமியார் சிரிக்கவில்லை. வண்டியைக் கொட்டகையில் தள்ளச் சொன்னார். மூன்று நாள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல், நிம்மதியாக வீடு திரும்பினேன்.

நேற்று சாயங்காலம் கரும்பு வண்டி ஓட்டுகிற வீராசாமி உன் ஊரிலிருந்து வந்தான். உன் மாமியார் கிணற்றடியில் நாலு பேர் நடுவில் பேசினதைச் சொன்னான். "இவ காலடி வச்ச நேரம், எம் புள்ளைக்கு வண்டியில கண்டமாம். இன்னா ஜாதகமோ, இன்னா ராசியோ. பெத்தவனே வந்து சொல்லிட்டுப் போறான்." நீ அங்கேயே குடத்தோடு நின்றுகொண்டிருந்தாயாம். நிரம்பாத குடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டாயாம். அலமேலு, நான் எதற்காகச் சொன்னேன், அது எங்கே போய் விழுந்தது பார். இரும்பு செய்த குற்றத்தை, இல்லை, நான் செய்த குற்றத்தை, உன் ஜாதகத்தின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை அந்தக் கவை ஒடிந்து, உனக்கு ஒன்றும் ஆகாமல் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், உன் காலம் முழுக்க உன்னைப் பார்த்து என்ன சொல்வார்கள்? இந்த நினைப்பு வந்த பிறகு நேற்று ராத்திரி நான் படுக்கவே இல்லை.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா மனுசன்யா நீ? புடவ மாட்டிக்கும்னு பிரம்ப மூணு வாட்டி பிரிச்சிப் பின்னச் சொன்னியே. இத மட்டும் எப்படி மூடி வச்ச?"

"மானம் போயிடும்னு..."

"இப்ப இன்னா போச்சு? உம் மானமா போச்சு? அவ பேருதான போச்சு. நீ போய்ச் சொல்றியா, நான் போவட்டுமா?"

நானே போகிறேன் என்றேன். அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

பெரியவன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். தப்பு நடந்த அன்றைக்கே சொன்னால் ஒரு வசவோடு போயிருக்கும். "கவை சரியில்லை, வண்டி நாலு மாதம் கழித்து வரும், பெண்ணை மாட்டு வண்டியில் அனுப்புகிறேன்" என்று சொல்லியிருந்தால் தெரு ஒரு வாரம் சிரித்திருக்கும். அவ்வளவுதான். உன் வீட்டில் எது உடைந்தாலும், பானையோ பேச்சோ, அன்றைக்கே வெளியில் எடுத்து வை. பயத்தோடு குடித்தனம் நடத்தாதே. நான் நடத்திப் பார்த்துவிட்டேன். அது உண்ணவிடாது, உறங்கவிடாது, கடைசியில் பொய் சொல்லவைக்கும்.

இதற்குமேல் பென்சிலில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க வந்ததாகப் பெயர். காலையில் வந்து இறங்கியதும் உன் மாமியாரிடம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். "பாகூருக்குப் போயிக்கிறான், மேரியில வேலையாம். கண்டமாவது இன்னாவதுன்னு வண்டிய எடுத்துக்கினு பூட்டான்" என்றார். கையிலிருந்த மோர் தளும்பி வேட்டியில் கொட்டியது. நீ வந்து சொம்பை வாங்கிக்கொண்டு, "இன்னாப்பா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு?" என்று கேட்டாய். வெயில் என்றேன். பார்த்தாயா, மறுபடியும். நீ கேட்டாய், நான் பொய் சொன்னேன்.

நான் பாகூர் ரோட்டுக்குப் போய்ப் பனைமரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் முன்னால் ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும்தான் இருந்தது. ஒரு மாட்டு வண்டி வந்து போனது. அதன் பின்னால் கயிற்றுக் கட்டிலில் எதையோ போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் இருந்தது மூட்டை. நான் அவர்கள் காலில் விழாத குறை. பிறகு அந்த இருமல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, "மாமா, இங்க இன்னா பண்றீங்க, ஏறுங்க" என்று பின்னிருக்கையைத் தட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறினேன். உனக்காக நான் போட்ட இருக்கையில் உட்கார்ந்து, உனக்காக வைத்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டிலிருந்து உங்கள் வீடு வரை வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிர் போய்ப் போய் வந்தது. இந்த இடத்தில்தான் நீ பதினோரு மாதமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

மாப்பிள்ளை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் குனிந்து பார்த்தேன். வளையத்துக்கு மேலே சாயம் வெடித்திருக்கிறது. உள்ளிருந்து துருத் தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது. கோடு கவையைப் பாதிக்குமேல் சுற்றிவிட்டது. நகம் மாட்டுகிறது. எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றி என் இடுப்பு மடியில் முடிந்துகொண்டேன். இன்னும் சூடு போகவில்லை, இடுப்பைச் சுடுகிறது. நான் கொடுக்கும்வரை வண்டி கிளம்பாது. ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு நாள் போதும், டவுனுக்குப் போய் வேறு பிளக்கு வாங்கிவிடுவார். திருடிக்கொண்டே எத்தனை நாள் உன்னைக் காப்பாற்ற முடியும்? சொன்னால்தான் தீரும்.

இப்போது எழுந்து வந்து இதை உன் கையில் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்காருவேன். உன் மாமனார், மாமியார், மாப்பிள்ளை, தேருக்குக் கிளம்பி வந்திருக்கிற உறவுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். நானாக ஆரம்பிக்க எனக்கு வராது, அலமேலு. செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டேன், இன்றைக்கு மோர்ச் சொம்போடும் பார்த்துவிட்டேன். அதனால் இதைப் படித்து முடித்ததும் நீ கூடத்துக்கு வா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்குக் கொட்டகையில் கேட்டதை இன்னொரு தடவை கேள்: "ப்பா, வண்டிக் கவையில இன்னா அது, முடி மாதிரி ஒரு கோடு?"

துணியால் துடை என்று இந்த முறை சொல்லமாட்டேன்.